தோள் கொடுத்தவர்கள்

காந்திஜியின் வாழ்க்கையைப் பற்றிய புத்தகங்களில் அடிக்கடி காணப்படும் புகைப்படம் ஒன்று உண்டு. போயர் யுத்த காலத்தில் நேட்டாலில் எடுத்த படம். நடு வரிசையில் காந்திஜி உட்கார்ந்திருக்கிறார். முப்பது வயது வாலிபர், கறுத்த மீசை, சிப்பாய் உடுப்பு, கையில் செஞ்சிலுவை போட்ட பட்டை. அருகே டாக்டர் பூத் என்ற ஆங்கிலேயர். வைத்தியமும் தெரிந்த பாதிரியார் அவர். இவர்களைச் சுற்றிலும் அதே உடுப்பில், அதே பட்டையுடன் நம்மவர்கள் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருடைய முகத்திலும் படம் பிடித்துக் கொள்ளும்போது வருகிற அந்த விறைப்பு இருக்கிறது.

"நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படை" என்று படத்தின் கீழே அச்சிட்டிருப்பார்கள். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதியைக்கூடச் சொல்லவில்லை. அந்தப் படையில் இருந்தவர்கள் சுமார் 1,100 பேர். அவர்களில் நாற்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் தலைவர்கள். படத்தில் இருப்பவர்கள் அந்தத் தலைவர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். மற்ற ஆயிரம் பேர் எங்கே? காயம்பட்டவர்களைத் தோளில் சுமந்தவர்கள் அவர்கள்தாமே?

இந்தக் கேள்வி வெகு நாளாக என் மனசில் கிடந்தது. கிடைத்த புத்தகங்களையெல்லாம் புரட்டினேன். காந்திஜியே கணக்குச் சொல்லியிருக்கிறார்: சுமார் 300 பேர் சுதந்தர இந்தியர்கள், மீதி 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். இந்த 800 பேரைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

ஒப்பந்தக் கூலி என்றால் என்னவென்று இந்தத் தலைமுறைக்குச் சொல்லியாக வேண்டும். 1860-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் ஜனங்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் அது. அப்போது தொடங்கி 1911 வரையில் சுமார் 1,52,000 பேர் அந்த மண்ணில் போய் இறங்கினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் சென்னை வழியாகப் போனவர்கள். அதாவது தமிழர்களும் தெலுங்கர்களும். ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் மாதம் பத்து ஷில்லிங் கூலி. பிறகு வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறும். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் சிறை. வேலை செய்ய மாட்டேன் என்றால் அதுவும் குற்றம். வேறு எந்த ஊரிலும் வேலையை விட்டால் சம்பளம் போகும். இங்கே வேலையை விட்டால் மனுஷனே உள்ளே போவான்.

ஒப்பந்தம் முடிந்த பிறகாவது நிம்மதி உண்டா? இவர்கள் அங்கேயே குடியேறிக் காய்கறி பயிரிட்டு நாலு காசு சேர்ப்பதை வெள்ளைக்கார வியாபாரிகளால் சகித்துக்கொள்ள முடியவில்லை. தலைக்கு வருஷத்துக்கு 25 பவுன் வரி போட வேண்டுமென்று கிளம்பினார்கள். இந்தியாவின் வைஸ்ராய் எல்ஜின் பிரபு கருணை கூர்ந்து அதை மூன்று பவுனாகக் குறைத்து அநுமதி கொடுத்தார். 1895-இல் அது சட்டமாயிற்று. மூன்று பவுன் என்றால் அறுபது ஷில்லிங். புதிதாக வந்த கூலிக்கு ஆறு மாதச் சம்பளம்! வைஸ்ராயின் கருணைக்கு இதுதான் அளவு.

காந்திஜி இந்த ஜனங்களைச் சந்தித்தது பாலசுந்தரம் என்ற தமிழரின் மூலமாக. 1894-ஆம் வருஷம் அவர் கந்தல் உடையும் கையில் தலைப்பாகையுமாக, உடைந்த முன்பற்களிலிருந்து இரத்தம் வழிய அழுதுகொண்டு காந்திஜியின் அலுவலகத்துக்கு வந்து நின்றார். எஜமான் அடித்த அடி. இந்தக் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்னொன்று அவ்வளவாகத் தெரியாது. டர்பனில் டாக்டர் பூத்தின் மேற்பார்வையில் சிறிய தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. பார்ஸி ருஸ்தம்ஜியின் பணத்தில் நடந்தது. காந்திஜி தினமும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் அங்கே போய் வேலை செய்தார். நோயாளிகளின் உபாதையைக் கேட்டு டாக்டரிடம் எடுத்துச் சொல்வது, மருந்து கலந்து கொடுப்பது, இதுதான் வேலை. வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ், தெலுங்கு, ஹிந்துஸ்தானி பேசும் கூலிகள். வக்கீல் தொழிலில் நல்ல வரும்படி வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு மனிதர் தினம் இரண்டு மணி நேரத்தை இப்படிச் செலவழிக்கிறார் என்றால், அப்போதே அந்த மனசு எந்தத் திசையில் திரும்பிவிட்டது என்று தெரியவில்லையா?

1899 அக்டோபர் 11-ஆம் தேதி போயர் யுத்தம் மூண்டது. டிரான்ஸ்வாலிலும் ஆரஞ்சு நாட்டிலும் ஆண்டு வந்த டச்சு வம்சத்து விவசாயிகளான போயர்கள் ஒரு பக்கம். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் மறு பக்கம். நடுவே தங்கச் சுரங்கங்கள். காந்திஜியின் அநுதாபம் போயர்களிடம்தான் இருந்தது. இதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். ஆயினும், "பிரிட்டிஷ் பிரஜை என்று சொல்லி உரிமை கேட்கிறோமே, அந்த ராஜ்யத்துக்கு ஆபத்து வரும்போது கைகட்டி நிற்கலாமா?" என்பது அன்றைக்கு அவருடைய வாதம். நேட்டாலில் இருந்த சராசரி வெள்ளைக்காரன், இந்தியன் கோழை, காசைத் தவிர வேறொன்றும் அறியாதவன் என்று நம்பினான். அந்தப் பேச்சுக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது.

இன்றைக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு இந்த வாதத்தை உடைப்பது சுலபம். உரிமை என்பது கடையில் விலை கொடுத்து வாங்கும் சரக்கா, நாம் உழைப்பைக் கொடுத்தால் அவன் எடை போட்டுத் திருப்பிக் கொடுப்பதற்கு? எனக்கும் அந்த வாதம் உடன்பாடில்லை. ஆனால் துப்பாக்கி எடுக்காமல், காயம்பட்டவனைத் தூக்கும் வேலையை அவர் கேட்டு வாங்கினார் பாருங்கள், அங்கே வாதம் தோற்றாலும் மனிதர் தோற்கவில்லை.

கேட்டவுடன் கொடுத்துவிடவுமில்லை. "உங்கள் உதவி இப்போது தேவையில்லை" என்று சர்க்கார் பதில் சொல்லிவிட்டது. டாக்டர் பூத் பயிற்சி கொடுத்தார். பிஷப் பெய்ன்ஸ் சிபாரிசு செய்தார். அதற்குள் போயர்கள் லேடிஸ்மித் நகரத்தை வளைத்துக்கொண்டு விட்டார்கள். ஆள் தேவை ஏற்பட்டது, அநுமதியும் வந்தது. தலைவர்கள் சம்பளம் வாங்குவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். தூக்கிச் செல்பவர்களுக்குக் கூலி உண்டு. வியாபாரிகள் காயம்பட்ட சிப்பாய்களுக்காகச் சுருட்டும் புகையிலையும் அனுப்பினார்கள், துணியும் கொடுத்தார்கள். அந்தத் துணியில் நம் பெண்கள் தலையணை உறையும் கைக்குட்டையும் தைத்தார்கள்.

டிசம்பர் 15-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. நேட்டாலில் அது கோடைக்காலம். துகேலா நதிக்கரையில் கொலென்ஸோ என்ற சிற்றூர். லேடிஸ்மித்தை மீட்பதற்காக ஜெனரல் புல்லர் நதியைக் கடக்கப் பார்த்தார். எதிர்க்கரையில் லூயி போத்தாவின் ஆட்கள் கண்ணுக்குத் தெரியாமல் குழிகளில் பதுங்கியிருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பிரிட்டிஷார் பத்துப் பீரங்கிகளைப் பறிகொடுத்தார்கள். செத்தவர்கள், காயம்பட்டவர்கள், சிறைப்பட்டவர்கள் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல். பிரிட்டிஷ் சரித்திரத்தில் 'கறுப்பு வாரம்' என்று பெயர் வாங்கிய வாரம் அது. நம் படை ரயிலில் வந்து சீவ்லியில் இறங்கியதும், சோறு தண்ணீர் இல்லாமல் நேரே களத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தது. இறங்கியவுடன் வேலை. ராபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகன் லெப்டினன்ட் ராபர்ட்ஸ், பீரங்கிகளை மீட்கப் போய் அங்கே குண்டடி பட்டு இறந்தார். அவரைச் சுமந்த பொறுப்பும் இந்தியர்களுக்குக் கிடைத்தது என்று காந்திஜி குறிப்பிடுகிறார். பெற்ற தகப்பனோ சாம்ராஜ்யத்தின் மகா சேனாபதிகளில் ஒருவர். பையனைச் சுமந்தது யார்? பெயர் எழுதி வைக்கப்படாத சிலர்.

சுமப்பது என்று எழுதிவிட்டேன். அது என்ன வேலை என்பதை நான் கொஞ்சம் அறிவேன். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது நிவாரணத் தொண்டர்களோடு ஒரு நாள் முழுவதும் இருந்தேன். காலையில் சோற்றுப் பொட்டலம் கட்டினோம். பகலில், நடக்க முடியாத ஒரு பெரியவரை வீட்டின் மாடியிலிருந்து இறக்கிக் கட்டிலோடு தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. இடுப்பளவு தண்ணீர். நான்கு பேர். அதிக தூரமில்லை, இரண்டு பர்லாங் இருக்கும். முதல் ஐம்பது அடி வரையில் பரோபகாரம். அதற்கப்புறம் தோள் மட்டும்தான். நாலு பேரின் உயரமும் ஒன்றாக இல்லாவிட்டால் கனம் முழுவதும் குட்டையானவன் மேல் இறங்கிவிடுகிறது. ஒருவன் கால் தடுக்கினால் நால்வரும் ஆடுகிறோம். நாம் ஆடினால் மேலே இருப்பவர் முனகுகிறார். அந்தப் பெரியவர் வாய் ஓயவில்லை. "தம்பி, நாலு பேர் தூக்கற நாள் வரும்னு தெரியும். உசிரோட இருக்கறப்பவே வரும்னுதான் தெரியாமப் போச்சு" என்றார். சிரித்ததில் கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. சாயங்காலம் வலது தோளில் கட்டைவிரல் பருமனுக்கு இரத்தம் கன்றியிருந்தது. ஒரு வாரம் சட்டை உராயும்போதெல்லாம் வலித்தது.

இரண்டு பர்லாங்குக்கு இது. நேட்டாலில் அவர்கள் சில நாட்களில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்திருக்கிறார்கள். இருபத்தைந்து மைல் என்றால் சென்னைக் கோட்டையிலிருந்து ஏறக்குறைய திருவள்ளூர். குலுக்காமல் நடக்க வேண்டும். மேலே கிடப்பவன் வயிற்றில் குண்டு பாய்ந்தவனாக இருக்கலாம். குலுக்கினால் வைத்தியம் வீணாகிவிடும்.

ஜனவரியில் படை மறுபடியும் கூட்டப்பட்டது. 1900 ஜனவரி 24-ஆம் தேதி ஸ்பியான் கோப் யுத்தம். டச்சு மொழியில் 'வேவு பார்க்கும் குன்று' என்று அர்த்தமாம். இரவோடிரவாகக் குன்றின் உச்சியைப் பிடித்துவிட்டோம் என்று பிரிட்டிஷார் மகிழ்ந்தார்கள். மூடுபனி விலகியபோது பார்த்தால், சுற்றியிருந்த மேடுகளிலெல்லாம் போயர்கள்! உச்சியில் வெட்டிய ஆழமில்லாத பதுங்கு குழியே கடைசியில் செத்தவர்களுக்குப் புதைகுழியாயிற்று. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக் கால்பந்து மைதானத்தில் ஒரு மேட்டுக்கு 1906-இல் இந்தக் குன்றின் பெயரையே வைத்தார்கள். இன்றைக்கு 'கோப்' என்று கூவுகிற ரசிகர்களில் எத்தனை பேருக்கு அந்தக் குழி தெரியுமோ! அந்த ஒரு நாளில் அந்தக் குன்றைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள்: குன்றின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பத்திரிகை நிருபரும் லெப்டினன்டுமான வின்ஸ்டன் சர்ச்சில், எதிர்ப்படையை நடத்திய போத்தா, அடிவாரத்தில் காயம்பட்டவர்களை வாங்கிக்கொண்டிருந்த படையில் காந்திஜி. நாவலில் இப்படி எழுதினால் 'அதிகப்படியான தற்செயல்' என்று விமரிசகர் கோபித்துக்கொள்வார். சரித்திரம் விமரிசகருக்குப் பயப்படுவதில்லை.

படையைச் சேர்த்தபோது ஒரு நிபந்தனை இருந்தது: குண்டு விழும் எல்லைக்குள் இவர்களை அழைத்துப் போவதில்லை என்று. ஸ்பியான் கோப்பில் நிலைமை முற்றியது. "நீங்கள் கட்டுப்பட்டவர்கள் அல்ல, ஆயினும் வந்தால் சர்க்கார் நன்றியுடன் இருக்கும்" என்ற கருத்தில் சேனாதிபதியிடமிருந்து செய்தி வந்தது. "தயங்கவேயில்லை" என்கிறார் காந்திஜி. போனார்கள். காயம்பட்ட ஜெனரல் உட்கேட்டையும் சுமந்து வந்தார்கள். அவர் பிறகு இறந்துபோனார். யுத்தம் முடிந்த மறுநாள் காலையில் வேர் ஸ்டென்ட் என்ற பத்திரிகைக்காரர், சாலையோரத்தில் உட்கார்ந்து பட்டாள பிஸ்கோத்தைத் தின்றுகொண்டிருந்த காந்திஜியைப் பார்த்தார். எல்லாரும் களைத்துச் சோர்ந்து கிடந்த அந்த வேளையில் இவர் ஒருவர்தாம் தெளிவாக இருந்ததாகப் பல வருஷங்களுக்குப் பின் எழுதினார்.

தயங்காமல் போனது சரி. அந்த 800 பேரை யார் கேட்டார்கள்? தலைவர்களுக்குச் செய்தி வந்தது, தலைவர்கள் சம்மதித்தார்கள். தோட்ட முதலாளியின் சம்மதம் இல்லாமல் ஓர் ஒப்பந்தக் கூலி அங்கே வந்திருக்கவே முடியாது. முதலாளி 'போ' என்று அனுப்பினால், போகாமல் இருந்திருக்க முடியுமா? தஞ்சாவூர் ஜில்லாவிலோ வட ஆற்காட்டிலோ பிறந்து, கரும்பு வெட்டுவதற்காகக் கைநாட்டு வைத்த ஒருவன், இரண்டு வெள்ளைக்காரக் கூட்டங்களின் சண்டைக்கு நடுவே பீரங்கிக் குண்டு விழும் மைதானத்தில் நிற்கிறான். அவனைத் தொண்டன் என்று சொல்லலாமா?

நம்முடைய மொழியிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. தொண்டு என்றால் அடிமைத்தனம் என்றும் பொருள். சேவை என்றும் பொருள். கோயிலில் திருத்தொண்டு செய்த அடியார்கள் இரண்டும் ஒன்றே என்று மகிழ்ந்தார்கள். அவர்களுக்கு எஜமான் கடவுள், சொல் கனிந்தது. எஜமான் கரும்புத் தோட்டக்காரன் ஆனால்? அதே சொல்தான். கொலென்ஸோவில் ஒரே தூக்குப் படுக்கையின் பக்கத்தில் ஒரு தொண்டர் சேவை செய்தபடி நடந்தார். அதைத் தூக்கிய தொண்டர் அடிமைப்பட்டு நடந்தார்.

ஆனால் என்னால் இதோடு நிறுத்த முடியவில்லை. கட்டளைப்படி வந்தவன் கட்டளைப்படிதான் சுமந்தான் என்று சொல்வதும் அவனுக்குச் செய்யும் அநீதியாகும். வந்தது அவன் இஷ்டமாக இல்லாமல் இருக்கலாம். குலுக்காமல் நடந்தது? தோட்டத்தில் எந்த வெள்ளைத்தோலிடம் அடி வாங்கினானோ, அதே தோல் மேலே கிடந்து முனகுகிறது. இருபது மைலில் ஒரு கல்லில் இடறினால் போதும், ஒருவரும் குற்றம் சொல்ல முடியாது. அவர்கள் இடறவில்லை. ஜெனரல் புல்லரின் அறிக்கையில் இந்தப் படைக்குப் பாராட்டு இருந்தது. அந்தப் பாராட்டில் கட்டாயப்படுத்தி வாங்க முடியாத ஒரு பகுதி இருக்கிறது. அது அந்த 800 பேருக்கே சொந்தம்.

லேடிஸ்மித்தில் முற்றுகைக்குள் அகப்பட்டிருந்த ஒரு கூலிக்கு மட்டும் பெயர் கிடைத்திருக்கிறது: பிரபு சிங். எதிரே மலைமேல் போயர்களின் பெரிய பீரங்கி. அது சுடும்போது பளிச்சென்று வெளிச்சம் தெரியும். குண்டு வந்து விழக் கொஞ்ச நேரம் ஆகும். பிரபு சிங் மரத்தின் மேல் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தைப் பார்த்தவுடன் மணி அடிக்க வேண்டும். கீழே உள்ளவர்கள் ஓடி ஒளிவார்கள். மரத்தின் மேல் இருப்பவன் எங்கே ஒளிவது? ஒரு தடவைகூட மணி தவறவில்லை என்று அதிகாரிகளே புகழ்ந்தார்கள். கர்சான் பிரபு இந்தியாவிலிருந்து ஒரு காஷ்மீர் அங்கி அனுப்பினார். டர்பன் நகர மண்டபத்தில் கூட்டம் போட்டு மேயர் அதை வழங்கினார். நல்ல காரியம்தான். ஆனால் மூன்று பவுன் வரி அப்படியே இருந்தது.

ஆறு வாரங்கள் வேலை செய்த பிறகு படை கலைக்கப்பட்டது. தலைவர்களுக்கு யுத்தப் பதக்கம் கிடைத்தது. கூலிகள் தோட்டங்களுக்குத் திரும்பினார்கள். நேட்டால் பத்திரிகைகள் சில காலம் புகழ்ந்தன; பிறகு பழைய பேச்சையே பேசின. அந்த வரி ஒழிய 1914 ஆயிற்று. அதுவும் யுத்தத்தில் செய்த உதவிக்குப் பிரதியாக அல்ல. 1913-இல் நியூகாஸில் சுரங்கங்களில் வேலையை நிறுத்திவிட்டு ஆயிரக்கணக்கான கூலிகள், அதிலும் ஏராளமான தமிழர்கள், எல்லையை நோக்கி நடந்தார்கள், சிறைக்குப் போனார்கள். பதினாறு வயது வள்ளியம்மை சிறையில் வாங்கிய காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் கண்ணை மூடினாள். தோள் கொடுத்துக் கிடைக்காதது, கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் கிடைத்தது.

காந்திஜிக்கு இந்தப் பாடம் ஒரே நாளில் விளங்கிவிடவில்லை. 1906-இல் ஸுலு மக்கள் தலைவரிக்கு எதிராகக் கிளம்பியபோது, அவர் மறுபடியும் ஒரு சிறு படையைச் சேர்த்துக்கொண்டு போனார். மொத்தம் இருபத்துச் சொச்சம் பேர். அதில் யார் யார் இருந்தார்கள் என்று சுயசரிதையில் சொல்கிறார்: குஜராத்திகள் நாலைந்து பேர், ஒரு பட்டாணியர், மற்ற எல்லாரும் தென்னிந்தியர்கள், ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த பழைய கூலிகள். இந்தத் தடவை இவர்களை எந்த முதலாளியும் அனுப்பவில்லை. தாங்களாகவே வந்தவர்கள்.

போய்ப் பார்த்தால் அங்கே யுத்தமே இல்லை. ஒரு பக்கம் துப்பாக்கி. மறு பக்கம் ஓட்டம். இவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஸுலுக்களில் பலர் போரில் காயம்பட்டவர்கள்கூட அல்ல; சந்தேகத்தின் பேரில் பிடித்துச் சவுக்கால் அடிக்கப்பட்டவர்கள். ஐந்தாறு நாளாகக் கவனிப்பாரின்றிப் புண்கள் சீழ்ப்பிடித்து நாற்றமெடுத்திருந்தன. வெள்ளைக்காரத் தாதிகள் அவற்றைத் தொட மறுத்துவிட்டார்கள். வேலிக்கு அப்பால் நின்ற சிப்பாய்கள், இந்தப் புண்களைக் கழுவ வேண்டாம் என்று இவர்களைத் தடுக்கப் பார்த்தார்கள். கேட்காதபோது ஸுலுக்களைத் திட்டினார்கள்.

நம்மவர்களுக்கு ஸுலு மொழி தெரியாது. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. சவுக்கடி பட்ட முதுகு எப்படி இருக்கும் என்பது, கரும்புத் தோட்டத்திலிருந்து வந்த அந்தப் பழைய கூலிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெந்நீர் வைத்துப் புண்ணைக் கழுவினார்கள். மருந்து போட்டுக் கட்டினார்கள். படுத்துக் கிடந்தவர்கள் கையாலும் கண்ணாலும் ஏதோ சொன்னார்கள். காலையில் தூக்குப் படுக்கைகளை எடுத்துக்கொண்டு படை அடுத்த முகாமுக்கு நடந்தது.